பதில் வராத வாசல்

விடிவதற்குள் ஏழாம் மாடித் தரை உலர்ந்திருக்க வேண்டும். கெர்டா துடைப்பத்தை முறுக்கிப் பிழிந்தாள். பிளீச்சிங் நெடி, நைந்துபோன முகக்கவசத்தைத் தாண்டித் தொண்டையில் இறங்கி எரிந்தது. கையுறைக்குள் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. புதுக் கவசங்களைப் பெட்டி பெட்டியாக அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, பழையதையே போடச் சொன்ன புண்ணியவான்கள் நடத்தும் ஆஸ்பத்திரி அது. சன்னலுக்கு வெளியே பாஸ்டன் நகரம் பனியில் விறைத்துக் கிடந்தது.

அவள் துடைத்துக்கொண்டிருந்தது ஃப்ரிட்ஸ்னர் இறந்த அறை. போன மாதம்வரை அவனும் இதே தரையைத் துடைத்தவன்தான். கிழிந்த கவசத்தோடு துடைத்தான், தொற்றுநோயை வாங்கினான், நேற்று மதியம் இதே கட்டிலில் போய்ச் சேர்ந்தான்.

நோயாளிகளின் குடும்பத்தாரை உள்ளே விடுவதில்லை. அதனால் வீடியோவில் பேசட்டும் என்று ஊர் மக்கள் காசு போட்டு டேப்லெட்டுகள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஃப்ரிட்ஸ்னரின் மனைவி ஈவ்லி ஹைட்டியில் இருந்தாள். நேற்றுக் காலை கெர்டாதான் டேப்லெட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஈவ்லி திரையில் வந்ததும் அழவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அயல் வீட்டு வாசலில் நிற்பவள்போல, "மானம்!" என்று குரல் கொடுத்தாள்.

அவர்கள் ஊர் வழக்கம் அது. வந்தவர் வாசலில் நின்று "மானம்!" என்பார். வீட்டுக்காரர் உள்ளிருந்து "மரியாதை!" என்றால்தான் காலெடுத்து வைக்கலாம். இடையில் கடலே கிடந்தாலும், கணவனே ஆனாலும், கேட்காமல் நுழைய மாட்டாள் ஈவ்லி.

ஃப்ரிட்ஸ்னர் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினான். உதடு பிரிந்தது. அந்த நேரம் பார்த்து நிர்வாகி ஹாலண்ட், தலைமுதல் கால்வரை புத்தம்புது கவச உடையில் வந்து, டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார். கீழே டிவிக்காரர்கள் காத்திருந்தார்களாம். குணமாகி வீடு திரும்பும் ஒருவர் அதில் பேரனுக்குக் கையசைப்பதைப் படம் பிடித்தார்கள். "குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் மருத்துவமனை" என்று இரவுச் செய்தியில் பெருமை வேறு.

கெர்டாவின் போனில் ஈவ்லி இதுவரை கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, அவரு பதில் சொன்னாரா?"

பொய் சொல்ல கெர்டாவுக்கு நாக்கு வரவில்லை. டேப்லெட்டைப் பிடுங்கிய கை விளங்காமல் போகட்டும் என்று ஹாலண்டை மனதாரச் சபித்தாள்.

கூடத் துடைக்கும் மிஸ்லேன் வாளியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, இந்த அழுக்குத் தண்ணிய அப்படியே அந்தாளு தலையில கவுத்துட்டு, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு போயிருவமா?"

"குளிச்சுட்டு வேற சட்டை மாத்திக்குவான்டி. எனக்கு அது பத்தாது. அவன் புடுங்குன ஈவ்லி முகத்த போன்ல வெச்சு, அதுக்கு முன்னால அவன உக்கார வைக்கணும். ஈவ்லி கேக்கட்டும். அவன் பதில் சொல்லட்டும்."

"நம்ம ரெண்டு பேரு போனா காவல்காரன விட்டுத் தள்ளுவான்."

"ரெண்டு பேருன்னு யாரு சொன்னா?"

வேலை மாறும் நேரத்தில் கெர்டா அறை அறையாகச் சொல்லிவிட்டு வந்தாள். சலவைக்கூடத்திலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். சமையல்கட்டிலிருந்து ஈரக் கையோடு வந்தார்கள். நிர்வாகி அறை வாசலில் துடைப்பங்களைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார்கள்.

ஹாலண்ட் காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "என்ன கூட்டம் இது? தரையெல்லாம் யாரு துடைக்கிறது?"

"நீங்க நேத்து பாதியில புடுங்குன பேச்ச முடிச்சுட்டுத் துடைக்கிறோம் சார்," என்றாள் கெர்டா. "ஃப்ரிட்ஸ்னர் பொண்டாட்டி பேசணுமாம். முகத்தப் பாத்துப் பேசுங்க. அப்புறம் பூட்டி வெச்ச கவசத்தயும், புடுங்கிட்டுப் போன டேப்லெட்டயும் எடுத்துக் குடுங்க."

"வருத்தம்தான். அனுதாபக் கார்டு அனுப்பச் சொல்லியிருக்கேன்."

"கார்டு அவ குரலுக்குப் பதில் சொல்லுமா?"

"கெர்டா, உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"எனக்கு நீங்க வேணும் சார். இங்க, இந்தப் போனுக்கு முன்னாடி."

அவர் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். காவல்காரர்களை வரச்சொல்லிக் கத்துவது வெளியே கேட்டது. யாரும் நகரவில்லை. இரவுப் பணி முடிந்து, குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய நர்சுகள் அதைக் கழற்றிவிட்டு வந்து கூட்டத்தோடு சேர்ந்தார்கள்.

கெர்டா போனை உயர்த்திக் கதவுக்கு நேரே பிடித்தாள். திரையில் ஈவ்லி, கறுப்புத் தலைத்துணியோடு.

"மானம்!"

கதவுக்குள் சத்தம் அடங்கியது. பதில் இல்லை. மிஸ்லேன் தாங்கமாட்டாமல் "மரியா..." என்று வாயெடுத்தாள். கெர்டா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"வாய மூடுடி. நாம சொல்லி அவனத் தப்பிக்க விடக் கூடாது. உள்ள இருக்கறவன்தான் சொல்லணும்."

மாடிப்படியில் காவல்காரர்களின் பூட்ஸ் ஒலி ஏறி வந்தது. கூட்டம் தோளோடு தோள் நெருங்கிக் கதவை அடைத்துக்கொண்டது. கெர்டாவின் கை கடுத்தது. சமையல்கட்டுக்காரர் ஒருவர் அவள் முழங்கையை அடியிலிருந்து தாங்கிக்கொண்டார்.

"அக்கா," என்றாள் ஈவ்லி, "உள்ள ஆளு இருக்கா?"

"இருக்கான்."

"அப்ப நான் திரும்பவும் 'மானம்'னு குரல் குடுக்கிறேன். நீங்களும் கூடச் சேந்து கூப்பிடுங்க."