குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாதவை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்த இடம் என் அக்கா வீட்டுக் குளியலறைக் குழாயடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கழுவக் கூடாத ஒன்றை அங்கே கழுவினேன். பிறகு பொய் சொன்னேன். அதை அக்காவிடம் சொல்லத் தைரியமில்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

முதல் தொடக்கம்: "மீன்தொட்டியின் வடிகட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது." வேண்டாம். வடிகட்டி மூச்சு விடாது, உறுமும்.

இரண்டாவது தொடக்கம்: "அவள் போன பிறகும் அவளுடைய பற்கள்—"

இது உண்மை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே சொன்னால் நம்ப மாட்டீர்கள். வடிகட்டியிலிருந்தே வருகிறேன்.

2.

கடைக்காரர் அடைத்துக் கொடுக்கும் எதிலும் அத்தானுக்கு நம்பிக்கை கிடையாது. வடிகட்டியை வாங்கிய அன்றே உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, தன் இஷ்டப்படி அடுக்கினார். அடியில் முரட்டு ஸ்பாஞ்ச். பெரிய அழுக்கை அது பிடிக்கும். அதன்மேல் வெள்ளைப் பஞ்சு. அப்புறம் வலைப்பையில் கரி. நாற்றத்தையும் நிறத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே பீங்கான் வளையங்கள். இவை அழுக்கைப் பிடிப்பதில்லை. இவற்றின் நுண்துளைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கும். மீன் கழிவின் நஞ்சைத் தின்று தொட்டியைக் காப்பாற்றுவது அவைதாம்.

(வளையங்களை அலசுவதென்றால் அதே தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அந்த உயிர்கள் கூண்டோடு செத்துப்போகும். எழுத்தாளன் என்ற முறையில் இதை நன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். கழுவி முடித்த பிறகு.)

அத்தான் பொய்ப்பற்கள் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருந்தேன்.

3.

அவர்களுடைய ஒரே மகளை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். [இந்த வாக்கியத்தை ஒன்பது முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இதே நீளத்தில்தான் நின்றது.] அதற்குள் அவளுக்கு ஆறு பால்பற்கள் விழுந்திருந்தன. அத்தான் அவற்றை ஒரு வலைப்பையில் போட்டு, பீங்கான் வளையங்களுக்கு நடுவே வைத்தார்.

"டப்பாவுல கிடந்தா வெறும் எலும்பு. இங்க கிடந்தா அது மேல ஏதாவது உயிரோட இருக்கும்ல," என்றார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். "டேய், கழுவுறதுக்காகப் பையை அவுத்தேன். ஏழு இருக்குடா."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மனைவியின் ஆறுதலுக்காக மனிதர் வேலையிடத்தில் ஒன்றைச் செய்துகொண்டுவந்து போட்டிருக்கிறார். தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"தானா விழுற பால்பல்லு அடியில வேர் கரைஞ்சு குழி விழுந்திருக்கும். இதைப் பாரு, இதுலயும் அதே குழி. இப்படிச் செய்ற கை எனக்குக் கிடையாதுப்பா," என்றார்.

போன வருடம் அவரும் மாரடைப்பில் போனார். அப்போது ஒன்பது. அதற்கப்புறமும் பத்து, பதினொன்று.

அக்காவைப் புத்தி பேதலித்தவளாக எழுதிப் பார்த்தேன். எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள்தான் ஒத்துழைக்கவில்லை. ஒழுங்காக வேலைக்குப் போகிறாள், என் கதைகளில் எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிறாள். ஒருநாள் சொன்னாள்: "பால்பல்லு இருபதும் விழட்டும்டா. அன்னைக்கு நானே வடிகட்டி மோட்டாரை நிறுத்திடறேன். பாதியில விட்டுட்டேன்னு இருக்காது பாரு."

4.

அவளுக்குக் கை சுளுக்கிக்கொண்டது. வடிகட்டியைக் கழுவிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டாள். நான் குழாயைத் திறந்துவிட்டு, வளையங்களையும் பையையும் பளிச்சென்று தேய்த்துக் கழுவினேன். எண்ணியும் பார்த்தேன். பன்னிரண்டு.

அக்கா கதவருகில் வந்து நின்றாள். "தொட்டித் தண்ணியிலதானே கழுவின?"

"ஆமாக்கா."

மூன்றாம் நாள் தண்ணீர் பால்போல வெளுத்தது. ஐந்து மீன்கள் செத்து மிதந்தன. அன்றிலிருந்து அக்கா தினமும் பையை அவிழ்த்து எண்ணுகிறாள். இரண்டு மாதமாகப் பன்னிரண்டுதான்.

"அவளுக்கு ஏதோ ஆயிடுச்சுடா," என்று போனில் அழுதாள். நான் பெற்ற மகளையே கொன்றவன்போல உட்கார்ந்திருந்தேன்.

5.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன், அக்கா மன்னிக்கிறாள். (எழுதினேன். காகிதத்தில்கூட அவள் மன்னிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: என் மகளுக்கு ஆறு வயது, கீழ்ப்பல் ஆடிக்கொண்டிருக்கிறது. அது விழுந்ததும் எடுத்துப்போய் அக்காவுக்குத் தெரியாமல் பையில் போட்டுவிடுகிறேன். இல்லாததைச் சேர்ப்பதுதானே என் தொழில்.

இதை எழுதியது நேற்றுக் காலை. மாலையிலேயே பல் விழுந்துவிட்டது. டம்ளரில் இடித்து ஓரம் உடைந்திருந்த பல். காகிதத்தில் மடித்து இந்தக் கதையின் மேலேயே வைத்தேன். செய்வதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. இன்று காலை பார்த்தால் மடிப்பு மடிப்பாகவே இருக்கிறது, உள்ளே பல் இல்லை. மனைவி எடுக்கவில்லை, மகளும் எடுக்கவில்லை. அக்கா வீட்டுக்கு யாரும் போகவுமில்லை.

முடிவு மூன்றை நான் எழுதவில்லை. சற்றுமுன் போன் வந்தது.

"பதிமூணுடா," என்றாள் அக்கா. சிரித்தாள், அழுதாள். பிறகு குரல் தணிந்தது. "ஆனா ஓரத்துல உடைஞ்சிருக்கு. வாலுவுக்குப் பல்லு உடைஞ்சதே இல்லையே. இது யாருதுடா?"

அவளுடையதுதான் என்று சொன்னால் இன்னும் ஏழு வர வேண்டும். என் மகளுடையது என்று சொன்னால் அக்கா இன்றைக்கே மோட்டாரை நிறுத்திவிடுவாள். இரண்டில் ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் முடியாது.

"லைன்ல இருக்கியாடா?"

பக்கத்து அறையிலிருந்து மகள் கூப்பிடுகிறாள். "அப்பா, இன்னொண்ணும் ஆடுது."