தத்துக்கு ஒரு நாழித் தவிடு

மகளைப் பார்க்கப் போகிற அன்றைக்கு மீசைக்கு மை அடித்தது தப்பு என்று ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஐயாதுரைக்கு உறைத்தது. வேர்வையோடு சேர்ந்து மை மேலுதட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் பார்த்தார். பெற்ற பிள்ளையை இருபத்தெட்டு வருஷம் கழித்துப் பார்க்கப் போகிற தகப்பன் மாதிரி இல்லை. கரி மூட்டையை வாயால் கவ்விக்கொண்டு ஓடிவந்த திருடன் மாதிரி இருந்தது. வேட்டி நுனியைத் தூக்கினார்.

"தொடைக்க வேண்டாம்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி இசக்கியம்மாள். "அப்படியே வாரும். அப்பன் மொகத்துல கரியப் பூசிக்கிட்டுத்தான் வந்திருக்கான்னு அவளும் பாக்கட்டும்."

மம்சாபுரத்தில் ஏறியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு இது. ஐயாதுரை இதே ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவர். படியில் தொங்குகிறவனைக்கூடத் திட்டாமல், சிரிக்க வைத்து உள்ளே இழுத்துப் போடுகிற வாய். சில்லறை இல்லை என்று சொல்லி அவர் அடிக்கிற ஜோக்குக்காகவே ஜனங்கள் மீதியை விட்டுக்கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று சக கண்டக்டர்கள் வயிறெரிவார்கள். அந்த வாய்க்கு வீட்டில் மட்டும் மரியாதை கிடையாது. காரணம் இருந்தது.

மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றும் தங்கவில்லை. நான்காவது பெண். பிறந்தபோதே கோழிக்குஞ்சு மாதிரி. பாலைக் கொடுத்தால் கொடுத்தவள் மேலேயே கக்கியது. ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குத் தத்து இருக்கு, உயிர்க் கண்டம். பெத்தவ கையில இருந்தா தங்காது" என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவர்கள் ஜனத்தில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை இன்னொருவர் கையில் தத்துக் கொடுத்துவிட வேண்டும். கொஞ்ச நாள் கழித்து ஒரு நாழித் தவிட்டை அளந்து கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை பேர் வைக்கக் கூடாது. எமன் வந்து விசாரித்தால், "இது நாங்க பெத்தது இல்லைங்க, தவிட்டுக்கு வாங்குனது" என்று சொல்லிவிடலாம். எமனும் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விடுவார். எதிர்வீட்டு மொக்கைச்சாமி அப்படி வாங்கப்பட்டவன்தான். இன்றைக்கு எண்பது கிலோ.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்பு போகிற சாலையில் ஒரு ஹோம் இருந்தது. நோஞ்சான் பிள்ளைகளை வைத்து மாவுப்பாலும் மருந்தும் கொடுத்துத் தேற்றுவார்கள். பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். ஒரு நாள் மேனேஜர் இவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "பேசாமத் தத்துக் குடுத்துருங்க. பிள்ளை பிழைச்சுக்கிடும்" என்றார். கையில் பேனாவும் சட்டைப்பையில் கண்ணாடியுமாக இருக்கிற ஒரு படித்த மனுஷன், நம் ஜோசியர் சொன்னதையே சொல்கிறாரே என்று ஐயாதுரைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இசக்கி கையெடுத்துக் கும்பிட்டாள். சம்மதமா என்று பக்கத்திலிருந்த இன்னொருவர் கேட்டார். சம்மதம் என்றார்கள். சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள்.

"தவிட எப்பக் கொண்டாரட்டும் சார்?" என்று ஐயாதுரை கேட்டார்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்டக்டர் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். ஊரையே சிரிக்க வைத்த வாய் அல்லவா, அன்றைக்கும் சிரிக்க வைத்துவிட்டது.

பொங்கல் கழிந்து நாள் பார்த்து, மஞ்சப் பையில் தவிடும், பிள்ளைக்கு ஒரு பச்சைப் பாவாடையும் எடுத்துக்கொண்டு இசக்கி போனபோது தொட்டிலில் வேறு பிள்ளை கிடந்தது. அவள் பிள்ளை ஏரோப்ளேனில் போயிருந்தது. மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகு விளக்கினார். பிறகு, "தத்துக் குடுத்துட்டுத் திரும்பி வந்து கேக்கியா? போலீசக் கூப்பிடுவேன்" என்றார், கூப்பிடவும் செய்தார். ஏட்டு வந்து கேட்டைச் சாத்தினதில் பை கிழிந்து, தவிட்டை ஹோமின் கோழிகள் தின்றன. அந்த ஹோமை மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது அங்கே கல்யாண மண்டபம். ஐயாதுரையே அங்கே நாலைந்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். இசக்கி ஒரு கல்யாணத்துக்கும் அந்த வாசலை மிதித்ததில்லை. மேனேஜர் எந்த ஊரில் செத்தாரோ, இருக்கிறாரோ. கோபத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஓர் ஆள் இல்லாததால் அவ்வளவையும் ஐயாதுரை மேலேயே இறக்கி வைத்திருந்தாள்.

ஹோமில் ஆயாவாக இருந்த செலினாதான் இப்போது ஆள் காட்டிவிட்டாள். டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் விசாரிக்கிறாள் என்று ராஜபாளையத்திலிருந்து காலேஜ் டீச்சர் ஜெனிலா வீடு தேடி வந்தாள். டி.என்.ஏ. டெஸ்டுக்கு என்று ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பச் சொல்லி வாங்கிப் போனாள். "பஸ்ஸுல எச்சில் துப்பாதீங்கன்னு முப்பது வருசமா கத்துனேன் டீச்சர். இன்னிக்கு அந்த எச்சில்தான் பிள்ளையக் கொண்டாரப் போகுது" என்றார் ஐயாதுரை. ஜெனிலா சிரித்தாள். இசக்கி குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எச்சில் பொருந்திப்போய் அந்தப் பெண்ணே ராஜபாளையத்துக்கு வந்திருந்தாள். அவள் தங்கியிருந்த லாட்ஜின் கீழ்த்தளத்தில் ஏசி போட்ட சாப்பாட்டு ஹால். மூலை மேஜையில் ஜெனிலாவோடு அவள் உட்கார்ந்திருந்தாள். கிராப்பு வெட்டு, கால்சட்டை, இடுப்பில் எட்டு மாதப் பெண்குழந்தை. எழுந்து நின்றபோது ஐயாதுரை அவள் முகத்தைப் பார்த்தார். இசக்கியின் நெற்றி. இசக்கி கோபத்தில் நிற்கிற அதே மாதிரி ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பேர் மெட்டே என்றாள் ஜெனிலா.

"மெட்டியா? கால்ல போடுறதுல்லா அது" என்றார் ஐயாதுரை. யாரும் சிரிக்கவில்லை.

இசக்கி அழவில்லை. கிட்டே போய் மகளின் காது மடலைப் பிடித்துப் பார்த்தாள். "தொவாரம் இல்ல" என்று மட்டும் சொன்னாள். மெட்டே சிரித்தபடி குழந்தையை நீட்டினாள். அதன் பேர் ஆல்மா. வெள்ளைக்கார நிறமும் இல்லாமல், இவர்கள் நிறமும் இல்லாமல், பால் அதிகமாக ஊற்றிய டீ மாதிரி இருந்தது. இசக்கியின் மடியில் உட்கார்ந்து உடனே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டது. மெட்டே செல்போனை எடுத்து நாலைந்து போட்டோ எடுத்தாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

பிறகு மெட்டே கைகளை மேஜைமேல் கோத்து வைத்துக்கொண்டு கேட்டாள். ஜெனிலா திருப்பிச் சொன்னாள்:

"உங்கள யாரும் ஏமாத்துனாங்களா, இல்ல நீங்களா சம்மதிச்சுத்தான் தத்துக் குடுத்தீங்களான்னு கேக்குறாங்க ஐயா."

"தத்துத்தான டீச்சர்? அது நாங்களாத்தான் குடுத்தோம். சந்தோசமாக் குடுத்தோம்" என்றார் ஐயாதுரை.

ஜெனிலா எஸ் என்று ஆரம்பித்து இங்கிலீஷில் சொன்னாள். மெட்டே தலையை ஆட்டினாள். எதிர்பார்த்து வந்தது இதைத்தான் என்பது போல.

"அவங்களுக்கு என்ன பேரு வச்சிருந்தீங்கன்னு கேக்குறாங்க."

"பேரு வைக்கல" என்றாள் இசக்கி.

அதுவும் இங்கிலீஷில் போயிற்று. அந்தப் பெண்ணின் முகத்தில் கடையின் ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி ஏதோ இறங்குவதை ஐயாதுரை பார்த்தார். சிரிப்பு மட்டும் அப்படியே வெளியே மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இசக்கியும் பார்த்துவிட்டாள்.

"டீச்சர், நீ எஸ்ஸுன்னு சொன்னியே, எதுக்கு எஸ்ஸு?"

"தத்துக் குடுத்தீங்கன்னு சொன்னேம்மா. நீங்கதான சொன்னீங்க."

"நாங்க சொன்னது குடுத்து வாங்குற தத்து. நீ எந்தத் தத்தச் சொன்ன?" அவள் குரல் ஹாலின் அடுத்த கோடிக்குக் கேட்டது. பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "அந்த மேனேஜரும் உன்ன மாதிரித்தான் படிச்சவன். எங்க வார்த்தையச் சொல்லியே எம்பிள்ளையத் தூக்கிட்டுப் போனான். நீயும் அதையே சொல்லுத. பேரு ஏன் வைக்கலைன்னு சொன்னியா? வாங்குன பொறவுதான் பேருன்னு சொன்னியா? நான் தவிடு கொண்டுக்கிட்டுப் போனேன்னு சொன்னியா?"

ஜெனிலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கண் விரிந்தது. "அம்மா, அதுவா. எங்க வீட்லயும் உண்டும்மா. என் தம்பி பெனினைக் கைப்பிள்ளையா இருக்கும்போது அந்தோணியார் கோயில்ல வச்சு ஏலம் விட்டு, எங்க அம்மாவே ஏலத்துல எடுத்தாங்க. செத்தப் பொறுங்க, சொல்லுதேன்" என்று மெட்டேயின் பக்கம் திரும்பி வேகமாகப் பேச ஆரம்பித்தாள். கைகளால் அளந்து காட்டினாள். கொடுப்பது போலவும் வாங்குவது போலவும் காட்டினாள்.

ஐயாதுரைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அதில் ஒரு சொல் தெரிந்தது. மம்சாபுரம் விலக்கில் ரியல் எஸ்டேட்காரன் ஊன்றிவைத்திருக்கிற கல்லில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிற சொல்.

"டீச்சர், சோல்டா? சோல்டுன்னா சொன்னீங்க?"

"வேற என்ன ஐயா சொல்றது? வித்து வாங்குறதுன்னுதான..."

"சோல்டு இல்ல டீச்சர். சோல்டுன்னா பொறவு நம்ம அந்தப் பக்கமே போக முடியாதுல்லா" என்றார். அவர் வாயிலிருந்து சிரிப்பில்லாமல் ஒரு வாக்கியம் வந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. அவருக்கே அது யார் குரலோ போல இருந்தது.

ஜெனிலா மறுபடியும் சொன்னாள். இல்லை, அப்படி இல்லை, தவிடு, மாட்டுக்குப் போடுகிற தவிடு என்று எதையோ விளக்கினாள். விளக்க விளக்க மோசமாயிற்று. ஒரு பச்சைக் குழந்தைக்கு விலை மாட்டுத்தீவனம் என்று அந்த ஊரில் எப்படிக் கேட்குமோ, யாருக்குத் தெரியும். மெட்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து, மெதுவாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ரெண்டு வாக்கியம் சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்றாள் இசக்கி.

ஜெனிலா தயங்கினாள். "நீங்க ரொம்ப ஏழையா இருந்திருப்பீங்க, அவங்களுக்குப் புரியுதாம். உங்க மேல கோபம் இல்லையாம். உங்கள மன்னிச்சுட்டாங்களாம்."

இசக்கி சத்தம் போடுவாள் என்று ஐயாதுரை எதிர்பார்த்தார். அவள் போடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"மன்னிச்சுட்டாளாமா" என்றாள் அவரைப் பார்த்து. "கேட்டீரா. மன்னிச்சுட்டாளாம்."

மெட்டே எழுந்து நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையை வாங்கிக்கொள்ள ரெண்டு கையையும் நீட்டினாள். இசக்கி கொடுக்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்து, சேலைத் தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அம்மா, பிள்ளையக் கேக்குறாங்க" என்றாள் ஜெனிலா.

"தர மாட்டேன்."

"அம்மா."

"சொல்லு டீச்சர் அவகிட்ட. இவதான் எங்கையில குடுத்தா. யாரும் ஏமாத்தலை. சந்தோசமாக் குடுத்தா, சிரிச்சுக்கிட்டே குடுத்தா, போட்டோவும் பிடிச்சா. குடுத்தா குடுத்ததுதான். பொறவு எதுக்குக் கைய நீட்டுதா? எனக்கும் கோவம் ஒண்ணும் இல்லையாம், மன்னிச்சுட்டேனாம், ஊருக்குப் போகச் சொல்லு."

"போலீஸ் அது இதுன்னு ஆயிரும்மா."

"கூப்பிடு. அன்னிக்கும் கூப்பிட்டாவ."

ஜெனிலா மொழிபெயர்க்கவில்லை. மெட்டே முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். இசக்கி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மெட்டே மேஜையைச் சுற்றி வந்தாள். அந்த முகத்தில் மாட்டித் தொங்கிய சிரிப்பு கழன்று விழுந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ கத்தினாள்.

"என்ன சொல்லுது டீச்சர்?" என்றார் ஐயாதுரை.

"தெரியல ஐயா. அது இங்கிலீஷ் இல்ல."

கவுண்டரிலிருந்து லாட்ஜ்காரர் ரெண்டு பையன்களோடு வேகமாக வந்துகொண்டிருந்தார். ஐயாதுரை எழுந்து அவர்களுக்குக் குறுக்கே போய் நின்றார். இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்றே ஒரு நூறு ஜோக் அவரிடம் உண்டு. வாயைத் திறந்தார். ஒன்றுகூட வரவில்லை. மை வழிந்த மீசையோடு, கையை மட்டும் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். "செத்த நேரம் அண்ணாச்சி. ஒரு செத்த நேரம்."

பின்னால் சத்தம் நின்றுபோனதால் திரும்பிப் பார்த்தார். மெட்டே தரையில் இசக்கியின் கால்மாட்டில் மண்டியிட்டிருந்தாள். இழுக்கவில்லை. ஒரு கை குழந்தையின் பாதத்தைப் பிடித்திருந்தது. இன்னொரு கை விரித்தபடி இசக்கியின் மடியில் கிடந்தது. அவள் இசக்கியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போதுதான் முதல்முறை பார்க்கிற மாதிரி. இசக்கி பிடியைத் தளர்த்தவில்லை. ஆல்மா சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு ரெண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி, எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்று தெரியாமல், சத்தம் வராத வாயைத் திறந்து வைத்திருந்தது.