உப்புக் குடித்த சுவர்

மிஹ்லாரின் அழைப்பு வந்தபோது உசனார் ஹாஜியார் லுஹர் தொழுதுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். வாடகைக்காரனின் பெயரைத் திரையில் கண்டதுமே பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

“ஹாஜியார், ஹோல் சுவரு பொரிஞ்சி கொட்டுது. ஒருக்கா வந்து பார்த்தீங்கண்டா நல்லம்,” என்றான் மிஹ்லார். குரலில் எப்போதும் போல மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் ஹாஜியாரைக் களைப்படையச் செய்தது. கோபிப்பதற்கு ஒரு பிடியும் அவன் தருவதில்லை.

“நாளைக்கு வாறன், இன்ஷா அல்லாஹ்.”

கறிச்சட்டியை மூடிக்கொண்டிருந்த மனைவி சாரா உம்மா தலையை நிமிர்த்தவில்லை. “இப்ப என்னவாம்?”

“சுவராம்.”

“ஹஜ்ஜிக்கு முந்தி மலசலகூடம். நோன்புல தண்ணி மோட்டரு. பொறவு ஜன்னல் கண்ணாடி. இப்ப சுவரு. இனி கூரை மட்டுந்தான் மிச்சம். நீ பழுதாக்கினத நீயே செய்யண்டு அவனுக்குச் சொல்ல ஒங்களுக்கு என்ன வாய் வலி? அது மகளுக்குக் குடுத்த ஊடு. ருஷ்தா வந்து பார்த்து, இப்பிடியா வாப்பா பார்த்துக்கிட்டீங்கண்டு கேட்டா எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு நிப்பீங்க?”

ஹாஜியார் கையிலிருந்த சோற்றை வாயில் வைத்தார். சொல்ல இருந்ததெல்லாம் அவள் அறிந்ததுதான்.

கல்பிட்டியில் இருக்கும் அந்த வீட்டை அவர் மகளின் நிக்காஹ்வுக்கென்று கட்டிக் கொடுத்தார். மருமகனின் வேலை காரணமாக மகள் கண்டிக்குப் போய்விட்டாள். அடுத்த வருடம் திரும்பி வருவாள். வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதென்று கருவாட்டு வியாபாரி மிஹ்லாருக்கு அதைக் கொடுத்தபோது, பள்ளிவாசல் நிருவாகத்தார் இருவரும் அக்கம்பக்கத்தாரும் பார்த்திருக்க, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஒரு சொல் சொன்னார்.

“எங்கட குடும்பத்துல கடுதாசி எழுதி ஊடு குடுக்கிற வழக்கம் இல்ல தம்பி. இந்த ஊட்டுல ஒரு ஆணி ஆடினாலும் எனக்குச் சொல்லுங்க. செஞ்சி தாறது என்ட பொறுப்பு.”

யாரால் ஆடிய ஆணி என்று அன்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. பிரித்துச் சொல்வது சின்னத்தனம் என்று நினைத்தார். கொடுத்த சொல்லை அவருடைய வாப்பா மாற்றியதாக ஊரில் எவரும் சொன்னதில்லை, அவரும் மாற்றியதில்லை. அதனால்தான் மலசலகூடக் குழி அடைத்தபோதும் மோட்டர் எரிந்தபோதும் வாய் திறவாமல் ஆள் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் முத்தலிபு பாஸைக் கூட்டிக்கொண்டு புத்தளத்தில் பஸ் ஏறினார். முத்தலிபு அந்த வீட்டைக் கட்டிய மேசன்; ஊருக்கு அவர் ‘பாஸ்’. பாலாவிச் சந்தியில் இடம் கிடைத்தும் ஹாஜியார் உட்காரவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் மடங்கிக்கொண்டு எழும்ப விடாது. கல்பிட்டியில் இறங்கும்போது வெள்ளை ஜுப்பாவின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு எதிரே, தேநீரும் பலசரக்கும் விற்கும் றோசமேரியின் கடை. ஒழுங்கையில் யார் வந்தாலும் அவளுடைய கண்ணுக்குத் தப்பாது.

“ஆ, ஹாஜியார்! இந்தத் தடவையும் பாஸோடதான் வாறீங்க. பேசாம பாஸுக்கும் உள்ளுக்கு ஒரு அறை குடுத்திடுங்களன். பஸ்ஸில வந்து போற கரைச்சல் இல்ல.”

“ஊடுண்டா வேலை வரும்தானே, றோசமேரி,” என்று சொல்லிவிட்டு ஹாஜியார் நிமிர்ந்தபடி உள்ளே போனார். பின்னால் முத்தலிபு சிரிப்பை இருமலாக மாற்றினார்.

வீட்டின் முன்கூடமான ஹோலின் மேற்குச் சுவரோடு உப்பு மூட்டைகள் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் கருவாட்டுப் பொதிகள். மூட்டைகளுக்கு மேலே சுவர்ப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்ட இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. மகளுக்கு மணவறை போட்ட சுவர் அது.

“கடல் காத்தாக்கும் ஹாஜியார்,” என்றான் மிஹ்லார், கையைக் கட்டிக்கொண்டு. அவனுடைய மனைவி றிஃப்னா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அறை வாசலில் நின்றாள்.

முத்தலிபு இரண்டு மூட்டையை நகர்த்தினார். சுவரை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினார்.

“கடல் காத்து இந்தச் சுவர மட்டும் பார்த்தா அடிக்குது? மத்த மூணு சுவரும் நான் பூசினபடியே இரிக்கி. மூட்டை கசிஞ்சி, சுவரு நல்லா உப்புக் குடிச்சிரிக்கி.” பிறகு ஹாஜியாரைப் பார்த்தார். “கொத்தி எடுத்துப் பூசித் தாறது பெரிய வேலையில்ல. மூட்டை இங்கயே இருந்தா மூணு மாசத்துல திரும்பவும் ரெண்டு பேரும் பஸ் ஏறணும்.”

மழையில் வீட்டின் பின்கொட்டிலில் தண்ணீர் நின்றதால் உள்ளே அடுக்கியதாக மிஹ்லார் சொன்னான். மழை விட்டுப் போய் மாதங்கள் ஆகியிருந்தன.

மூவரும் ஹாஜியாரின் வாயைப் பார்த்தார்கள். ‘பூசுங்க பாஸ்’ என்று சொன்னால் போதும், சொல் காப்பாற்றப்படும். சுவர் திரும்பவும் உதிரும். மகள் வரும்போது வீடு இருக்காது, அவளுடைய வாப்பாவின் சொல் மட்டும் இருக்கும். ஹாஜியார் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை. உட்கார்ந்து சொல்லக்கூடிய விடயம் அல்ல அது.

“மிஹ்லார். சாவி தந்த அண்டைக்கு நான் ஒரு சொல்லுச் சொன்னன்.”

“ஓம் ஹாஜியார். மறக்கல்ல.”

“அத நான் திருப்பி எடுக்கிறன்.”

பூச்சுக்கரண்டியைப் பையிலிருந்து எடுக்கப் போன முத்தலிபு அப்படியே நின்றார்.

“ஊடு தன்பாட்டுல பழுதானா நான் செய்வன். நீங்க பழுதாக்கினா நீங்க செய்யணும். அண்டைக்கே இப்பிடிச் சொல்லியிருக்கணும். சொல்லாதது என்ட பிழை.”

மிஹ்லார் முகம் கறுப்பான் என்று எதிர்பார்த்தார். அவனோ திரும்பி மனைவியைப் பார்த்தான். றிஃப்னா “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன புள்ள?”

“கோவிக்காதீங்க ஹாஜியார். நாங்க வந்த மாசம் குசினிப் பைப்பு ஒடைஞ்சிச்சி. இவரு மாத்தினாரு. நீங்க கேள்விப்பட்டு வந்து, ‘என்ட ஊட்டுல வாடகைக்காரன் கை வெச்சா ஊரு என்னப் பத்தி என்ன கதைக்கும்’ எண்டு கேட்டீங்க. ஒரு கிழமையா போன்ல இவரு சொன்ன சலாமுக்கும் சரியாப் பதில் சொல்லல்ல. அண்டையிலயிருந்து ஒரு ஆணி அடிக்கவும் இவருக்குப் பயம்.”

ஹாஜியாருக்கு நினைவிருந்தது. தன் கௌரவத்தைக் காத்ததாக அன்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பியதும் நினைவிருந்தது.

“மோட்டர எரிச்சது நான்தான் ஹாஜியார், பொய் சொல்ல மாட்டன்,” என்றான் மிஹ்லார். “ஆனா ஜன்னல் கண்ணாடி வாங்கி வெச்சிருந்தன். கேட்டுட்டுப் போடுவமெண்டு ஒங்களுக்குச் சொன்ன கையோட நீங்களும் ஒண்டு கொண்டு வந்தீங்க. என்டத கட்டிலுக்குக் கீழ தள்ளிட்டன்.”

றிஃப்னா உள்ளே போய் அதை இழுத்துக்கொண்டு வந்தாள். பத்திரிகைத் தாளில் சுற்றிய கண்ணாடி. கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை. ஹாஜியார் தாளின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். தான் வாங்கி வந்ததைவிடத் தடிப்பானது.

“மூட்டைய எப்ப எடுப்பீங்க?”

“இப்பவே. பாஸ் கொத்தட்டும், நான் மூட்டை தூக்கிறன். சீமெந்தும் கடையில நானே எடுப்பன்.” பிறகு, பழைய பயத்தோடு, “நான் எடுக்கலாம்தானே ஹாஜியார்?”

“எடுங்க,” என்றார் ஹாஜியார். தேநீரில் ஆடை படிந்திருந்தது. அவர் அதைத் தொடாமல் வெளியே வந்தார்.

றோசமேரி காத்திருந்தாள். “என்ன, பாஸ விட்டுட்டுத் தனியப் போறீங்க? அப்ப வேலை தொடங்கியாச்சோ?”

‘ஓம்’ என்றொரு சொல்லோடு நடந்திருக்கலாம். அவர் நின்றார்.

“மிஹ்லார் பழுதாக்கின சுவரு. மிஹ்லார்தான் செய்யிறாரு.”

அதைச் சொல்லிவிட்டுக் கேலியோ பழிச்சொல்லோ வருமென்று காத்திருந்தார். றோசமேரி “அதுதானே சரி” என்று சொல்லிவிட்டுத் தராசில் பருப்பைக் கொட்டத் தொடங்கினாள். ஒழுங்கையில் ஒரு ஆடு மட்டும் அவரைப் பார்த்தது.

உள்ளே முத்தலிபுவின் உளிச் சத்தம் கேட்டது. புத்தளம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இத்தனை வருடமும் தலையசைத்தபடி கடந்து போன அந்தக் கடையின் வாங்குப் பலகையில், முழங்காலை மெல்ல மடக்கி, ஹாஜியார் உட்கார்ந்தார்.

“ஒரு பிளேன்டீ போடுங்க றோசமேரி. சீனி குறைச்சி.”