மலரின் பதினோராம் பக்கம்

ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் முதலில் அவர் ஜெயித்திருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். செங்காங் செலஸ்டின் அதைத் திருத்தினார்.

"ஜெயிச்ச பிறகு யாரு வேணும்னாலும் பாராட்டுவான். அதுக்கு முந்தியே பாராட்டணும். அதான் ஊக்கம்."

"நம்ம பொண்ணு இன்னும் மூணு கேம் விளையாடணுங்க. முடியட்டுமே," என்றாள் மனைவி பிரிஜட்.

"முடிஞ்ச பிறகு தலைவருக்கு டேட் இல்ல லா!"

தலைவர் என்றால் பாசிர் ரிஸ் துரைசாமி. அவர் தலைவராக இருக்கும் சங்கத்துக்குச் செலஸ்டின் செயலாளர். விழாதோறும் செயலாளர் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவார், தலைவர் செயலாளருக்குப் போர்த்துவார். பதினான்கு ஆண்டுகளாக அதே நாலைந்து ஆடைகள் இரண்டு வீட்டு அலமாரிகளுக்கும் இடையே எம்.ஆர்.டி. ரயிலில் போய்வந்துகொண்டிருக்கின்றன.

இந்த முறை ஆடை செலஸ்டினின் மகள் செரினாவுக்கு. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான செஸ் போட்டி, தஞ்சோங் பகார் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் மூன்று வார இறுதிகளாக நடந்துகொண்டிருந்தது. பத்துப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் ஆட வேண்டும். முதலாவதாக வருகிற ஒருவருக்கு மட்டும் வெளிநாட்டில் நடக்கும் ஆசியப் போட்டிக்கு இடம். அடுத்த ஆண்டு செரினாவுக்கு வயது தாண்டிவிடும். இது ஒன்றுதான் வாய்ப்பு.

யார் யாரோடு எப்போது ஆடுவது என்ற அட்டவணை இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. செரினாவின் கடைசி ஆட்டம் கறுப்புக் காய்களோடு, திலீப்புக்கு எதிராக. திலீப் தலைவர் துரைசாமியின் மகன்.

வெள்ளைக் காய் கிடைத்தால் திலீப்பின் முதல் எட்டு மூவும் பஸ் தடம் மாதிரி. வளைவுகூட மாறாது. ரூய் லோபஸ் என்ற பழைய ஓப்பனிங். எட்டாவது மூவில் நடுவுக்குப் பக்கத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுவான். அந்த நிறுத்தத்தில்தான் செரினா அவனுக்காகக் காத்திருக்கத் தீர்மானித்தாள். அவன் அதைத் தள்ளியதும் தன் சிப்பாய் ஒன்றைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, அவன் ராஜா மேல் மொத்தப் படையையும் ஏவுவது. மார்ஷல் அட்டாக் என்று பெயர். இரண்டு மாதம், வீட்டுப்பாடம் முடித்த பிறகு, சாப்பாட்டு மேசையில், ஒரு நீல நோட்டில் எழுதி எழுதிப் படித்தாள். மற்ற ஆட்டங்களில் யாருக்கும் வாசனை வரக்கூடாதென்று தன் பழைய சோம்பேறி ஓப்பனிங்கையே ஆடினாள். அதனால் ஜெயிக்க வேண்டிய ஒரு ஆட்டம் டிராவில்கூட முடிந்தது.

ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். அவர் நோட்டைப் பார்த்துவிட்டார்.

"டாடி, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ப்ராமிஸ்?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்மா."

செலஸ்டின் சாகவில்லை. பேசினார்.

கடைசி வார இறுதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றின் மாடியில் விழா. வந்தவர்கள் இருபத்தாறு பேர், அதில் மேடையில் எட்டுப் பேர். செரினாவின் தோளில் போர்த்திய பொன்னாடை தரைவரை இறங்கி அவள் காலணியை மூடியது. வீட்டில் மகளிடம் "மூவ்" என்று பேசும் செலஸ்டின், மைக்கைப் பிடித்ததும் நகர்த்தலுக்கு மாறினார்.

"அவையோரே! என் அருமை மகள் எட்டாவது நகர்த்தலில் ஒரு சிப்பாயைப் பலி கொடுப்பாள். ஏன் பலி கொடுப்பாள்?"

கைதட்டலுக்காக நிறுத்தினார். செரினா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"டாடி, ஸ்டாப். ப்ளீஸ்."

"குழந்தை உணர்ச்சிவசப்படுகிறது," என்று அவையோருக்கு அறிவித்தார். தட்டினார்கள்.

முன்வரிசையில் திலீப் மூன்றாவது ஜிலேபியோடு போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். தலைவர் மேடையில் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார், அதில் அவருக்கு நீண்ட அனுபவம். யாருமே கேட்கவில்லை என்று தெரிந்ததும் செரினாவுக்கு மூச்சு வந்தது. வாசலில் ஆளுக்கொரு விழா மலர் கொடுத்தார்கள். அட்டையில் தன் படத்தைப் பார்த்துவிட்டு அவள் அதைத் திறக்காமல் வைத்துவிட்டாள்.

ஞாயிறு பிற்பகல், கடைசி ஆட்டம். திலீப் ஏழு புள்ளி, செரினா ஆறரை. அவள் ஜெயித்தே ஆக வேண்டும். டிரா என்றால் இடம் அவனுக்கு.

ஏழு மூவும் பஸ் தடப்படியே வந்தன. எட்டாவதுக்குத் திலீப்பின் கை வழக்கமான சிப்பாய்க்கு மேலே போனது. நின்றது. பிறகு பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து, அங்கே சும்மா நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் முன்னால் வைத்தது.

மார்ஷல் அட்டாக் வரப்போகிறது என்று தெரிந்தவன், அதைத் தவிர்க்கப் போடுகிற மூவ் அது. நீல நோட்டில் அதற்குப் பக்கமே இல்லை.

செரினா நாற்பது நிமிடம் யோசித்தாள். முப்பதாவது மூவில் திலீப் மெதுவாக, "டிரா?" என்றான். தலையாட்டி மறுத்தாள். வேறு வழியில்லை. ஜெயிக்க முடியாத நிலையில் ஜெயிக்கப் பார்த்து, அறுபத்தொன்றாவது மூவில் தோற்றாள்.

தண்ணீர்க் குழாய் அருகே அவனைப் பிடித்தாள்.

"ஏன் அந்த மூவ் போட்ட?"

"உங்க டாடி புக்ல இருந்துச்சு லா. பேஜ் லெவன். உன் நோட்ட அப்படியே ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தாரு. எங்கப்பா என் செஸ் கோச்சுக்கு அனுப்பிட்டாரு." கொஞ்சம் யோசித்து, ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்து, "உன் ஹேண்ட்ரைட்டிங் நைஸ்," என்றான்.

வெளியே செலஸ்டின் பையைத் திறந்துகொண்டிருந்தார். மகளின் வெற்றிக்காகக் கொண்டுவந்த பொன்னாடை. அதைச் சும்மா திருப்பிக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. திலீப்பின் தோளில் போர்த்தினார், தலைவரைக் கட்டிப்பிடித்தார், "அடுத்த மாசமே விழா எடுத்துடுவோம் தலைவரே," என்றார். வெள்ளிக்கிழமை செரினாவின் காலணியை மூடிய அதே ஆடைதான்.

ரயிலில் அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பரவால்லம்மா. எங்க மிஸ் ஆச்சு?"

"பேஜ் லெவன், டாடி. என் நோட்டு. அவங்க படிச்சுட்டாங்க."

செலஸ்டினின் முகம் மலர்ந்தது. பதினான்கு ஆண்டுகளில் பதினான்கு மலர் போட்டவர் அவர். ஒன்றையும் ஒருவரும் திறந்ததாகத் தகவல் இல்லை.

"நெஜமாவா? படிச்சாங்களா? பிரிஜட், கேட்டியா? தலைவரே படிச்சிருக்காரு!"

பிரிஜட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுரங்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. செரினா அழவில்லை. அப்பாவின் முகத்தை, கடினமான ஒரு நிலையைப் பார்ப்பதுபோல, வெகுநேரம் பார்த்தாள்.

அவுட்ரம் பார்க்கில் ரயில் மாறினார்கள். "டிசம்பர்ல அடுத்த டோர்னமென்ட்டும்மா. திலீப்பும் வர்றான். என்ன ஓப்பனிங் படிக்கப் போற?" பேனா ஏற்கெனவே வெளியே வந்திருந்தது.

"கிங்ஸ் கேம்பிட்," என்றாள் செரினா. அவள் நோட்டில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. ஆடும் எண்ணமும் கிடையாது.

"எத்தனாவது மூவ்ல பலி?"

"ரெண்டாவது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது, டாடி."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்மா," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதிக்கொண்டார்.