பியாஷா மாமியின் பால்மாவு டப்பா

என் மாமா பூனு, மொம்பாசா போவதற்கு மூன்று முறை நாள் குறித்தார். மூன்று முறையும் அவரே அதை அழித்தார்.

போகவேண்டிய காரணத்தின் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. மாமாவின் ஒரே மகள் தூமாவுக்கு மொம்பாசாவில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. நாற்பது நாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். நாற்பதாம் நாள் பிள்ளையை முதன்முதலாக வாசல் தாண்டித் தூக்கி வருபவர் தாயின் தகப்பனார். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். தூமாவின் புகுந்த வீட்டில் அந்த வழக்கம் கிடையாது.

"உங்க ஆளு வரலைன்னா பரவாயில்ல, நாங்களே தூக்கிக்கிறோம்" என்று சம்பந்தியம்மா போனில் சொன்ன நாளிலிருந்து பியாஷா மாமிக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தம்மா தூக்கிட்டா அப்புறம் அது அவங்க வீட்டுப் பிள்ளை. நாம விருந்தாளி" என்றார் மாமி.

முதலில் குறித்த நாள் ஒடுக்கத்துப் புதனுக்கு முந்தின நாள். சஃபர் மாதக் கடைசியில் யாராவது பயணம் போவார்களா என்று மாமா தாமாகவே ஞாபகப்படுத்திக்கொண்டார். அடுத்தது படகு இயந்திரத்துக்கு எண்ணெய் வரவில்லை. மூன்றாவது தடவை அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அன்று மதியமே அந்த முதுகோடு கூரைமேல் ஏறி ஓலை மாற்றினார்.

மருமகன் சலீம் பஸ் ஓட்டுபவர். போனில் கூப்பிடும்போதெல்லாம், "மாமா, ஒரு தடவை என் வண்டியில உக்காந்து பாருங்க. கப்பல் மாதிரி மிதக்கும்" என்பார். மாமா போனை உடனே மாமியிடம் கொடுத்துவிடுவார்.

படகுத் தலைவனை எங்கள் பக்கம் நகுதா என்பார்கள். எங்கள் பாத்தே தீவில் நகுதாக்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் கடலேற்றம் எப்போது என்று கேட்க எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். வற்றத்தில் எங்கள் கரை வெறும் சேறு. லாமு நகரத்துக்குப் போகும் வழியில், அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஓடும் கால்வாயில், தண்ணீர் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் நுழைய முடியும். நேரம் தப்பினால் அடுத்த ஏற்றம் வரை கொசுக்களோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். மாமா பிறையை ஒரு பார்வை பார்த்து, தாடியைத் தடவி, "விடியல்ல, சுபுஹுத் தொழுகைக்கு முன்ன" என்பார். தண்ணீர் அவர் பேச்சைக் கேட்டு வருவதுபோல வரும்.

இவ்வளவு பெரிய நகுதாவின் மனைவிக்குக் கடல் ஆகாது. படகு கரையை விட்டு நகர்ந்ததும் மாமியின் முகம் வாழைக்காய் நிறமாகிவிடும். மாமா அதற்காகவே, வாந்தி எடுக்க, படகில் ஒரு காலிப் பால்மாவு டப்பா வைத்திருந்தார். முப்பது வருஷப் பழக்கம். மாமி ஏறியதும், எல்லாருக்கும் கேட்கும்படி, "பியாஷா சீமாட்டியோட டப்பா எங்கப்பா?" என்பார். படகே சிரிக்கும். மாமி ஒரு கையால் முக்காட்டை இழுத்துவிட்டு மறு கையால் டப்பாவை வாங்கிக்கொள்வார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டபின் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அதிகம் பேசமாட்டேன். அன்றைக்கும் பேசாமல் இருந்திருக்கலாம்.

நாலாவது தடவை தட்டிக்கழிக்க வழியே இல்லாமல் இருந்தது. பிறை பதினாறு, திங்கட்கிழமை. விடியலில் பெரிய ஏற்றம், படகு போய்ச் சேரும் மொகோவேத் துறையில் ஏழரைக்கு மொம்பாசா பஸ். பதினெட்டுக்குமேல் ஏற்றம் சுருங்கிவிடும். மாமாவின் பெரிய படகு கால்வாயில் தரை தட்டும். அடுத்த பெரிய ஏற்றம் அமாவாசைக்கு. பிள்ளைக்கு நாற்பது அதற்கு முன்பே முடிந்துவிடும். அடுத்தவர் படகில் போகலாம் என்றால், நகுதாவின் பெண்டாட்டி இன்னொருவன் படகில் ஏறுவதா என்று மாமி ஒத்துக்கொள்ளமாட்டார்.

ஞாயிறு மாலை மாமி மூட்டை கட்டி முடித்திருந்தார். உப்புக் கருவாடு, தேன், இரண்டு பாய்கள், பிள்ளைக்கு நான் தைத்த சட்டை. மாமா முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

"நாளைக்கு விடியல்ல தண்ணி வராது" என்றார்.

"என்னங்க சொல்றீங்க? பிறை பதினாறு."

"காத்து மாறியிருக்கு. வெயில் ஏறினப்புறம்தான் நிறையும். பஸ் போயிரும். வேணும்னா நீயே போய்க் கடல்கிட்ட கேளு."

யார் கேட்பார்கள்? மாமி கருவாட்டு மூட்டையை அவிழ்த்து மறுபடி கயிற்றில் தொங்கவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த புகையிலை வியாபாரி கோம்போ அதைக் கேட்டுவிட்டு, தன் பொதிகளைக் கரைக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்.

திங்கள் விடியலில் பாத்திரம் கழுவக் கரைக்குப் போனேன். கடைசிப் படிக்கட்டுவரை தண்ணீர் தளும்பி நின்றது. எல்லாப் படகுகளும் போய்விட்டிருந்தன. மாமாவின் படகு மட்டும் முழு வெள்ளத்தில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. சட்டியைக் கழுவாமலே திரும்பி வந்தேன்.

"மாமி, படிவரைக்கும் தண்ணி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மாமி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பயந்துவிட்டார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்கி, உன் மாமாவுக்கு என்னமோ ஆயிருச்சு. ஏத்தம் மறந்துபோச்சு அவருக்கு."

அவர் பொய் சொல்லியிருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. தொழுகையைப் பற்றிக்கூட ஒருவன் பொய் சொல்லலாம். ஏற்றத்தைப் பற்றிப் பாத்தேயில் யாரும் சொல்வதில்லை. உயிர் போகிற விஷயம் அது. ஆகவே மாமாவின் மண்டைக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்று மதியத்துக்குள் ஊர் முடிவுகட்டியது. கோம்போ பொதிகளின்மேல் உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் அதை விளக்கிச் சொன்னார்.

மாமியின் தங்கை சோமோயே கருஞ்சீரகத் தைலத்தோடு வந்தார். மச்சானைக் கேலி செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு; ஒருநாளும் அதை வீணாக்கியதில்லை.

"மச்சான், என் பேரு ஞாபகம் இருக்கா?"

"ஊருக்கே ஞாபகம் இருக்கு. நீ வந்தா காதுதான் வலிக்கும்."

"அக்கா, வாய் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேலதான் கோளாறு. தைலத்தை உச்சியில தேய்."

மாமா தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மாமி ஓதி ஓதி ஊதினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. மாமா ஒரு தடவை வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். திங்கட்கிழமை அப்படிப் போனது.

செவ்வாய் மாலை ஷெகுவே நகுதா வந்தார். மாமாவுக்கும் அவருக்கும் முப்பது வருஷமாக ஆகாது. யார் படகு வேகம் என்பதில் தகராறு. அவர் வாசலில் செருப்பைக் கழற்றி, மாமாவுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பூனு, நாளைக்குப் பிறை பதினெட்டு" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "சுபுஹு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல தண்ணி நிறையும். நீ எதுவும் கவலைப்படாத. இனிமே தினமும் நானே வந்து சொல்லிட்டுப் போறேன்."

கேலி செய்திருந்தால் மாமா தாங்கியிருப்பார். ஷெகுவே போகும்போது மாமாவின் முழங்காலை வேறு தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மாமா அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி சாம்பிராணிச் சட்டியோடு வந்தார். மாமா அதைக் கையால் தள்ளினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. ஏத்தம் எனக்குத் தெரியும். திங்கக்கிழமையும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அப்படிச் சொன்னீங்க?"

சோமோயே சட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"மச்சான், மறந்துட்டீங்களா, பொய் சொன்னீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க. நாளைக்குக் கடைத்தெருவுல நான் எதையாவது சொல்லியாகணும்."

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, "பஸ்ஸு" என்றார்.

"பஸ்ஸுக்கு என்ன?"

"வயித்தைப் புரட்டுது."

மாமா சுவரிடமே மீதியையும் சொன்னார். பதினொரு வருஷத்துக்கு முன் இயந்திரம் வாங்க மொம்பாசா போனாரே, அப்போது. மொகோவே தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. டீசல் வாடை, திருப்பங்கள், முன்சீட்டுக்காரன் தின்ற அவித்த முட்டை. ஜன்னல் திறக்கவில்லை. கையில் வேறு எதுவும் இல்லை.

திரும்பி வரும்போது அவர் பஸ்ஸில் வரவில்லை, வெங்காய மூட்டை ஏற்றிய பாய்க்கப்பலில் எதிர்க்காற்றில் ஒன்பது நாள் வந்தார். பிறவிக் கடலோடி என்று ஊரே புகழ்ந்தது. நானும் அதை வேறு மாதிரி நினைத்ததில்லை.

"கையில வேற எதுவும் இல்லைன்னா?" என்று மாமி மெதுவாகக் கேட்டார். "எதுல வாந்தி எடுத்தீங்க?"

மாமா தலையைத் தடவினார்.

"அந்தத் தொப்பி காத்துல போகல, பியாஷா."

நாலு மாதம் உட்கார்ந்து மாமி ஊசியால் பூ வைத்துத் தைத்த தொப்பி அது. லாமுக் கால்வாயில் காற்று அடித்துப் போய்விட்டது என்று மாமா சொன்னபோது, மாமி இரண்டு நாள் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மாமி முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். தோள்கள் குலுங்கின. பிறகு சத்தம் வெளியே வந்தது. மாமி அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. கோம்போ சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்.

"முப்பது வருஷம்" என்றார் மாமி, மூச்சு வாங்கிக்கொண்டு. "முப்பது வருஷம் என்னை அந்த டப்பாவை வச்சு..."

"அதுக்குத்தான் சொல்லல" என்றார் மாமா.

"பேரனை அந்தம்மா தூக்கினாலும் பரவாயில்ல, பைத்தியம்னு ஊர் சொன்னாலும் பரவாயில்ல. பொண்டாட்டி சிரிக்கக் கூடாது. அப்படித்தானே?"

மாமா முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஷெகுவே முழங்காலைத் தட்டாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருப்பேன்."

"ரெண்டு நாள்ல கால்வாய் வத்திரும், மச்சான்" என்றார் சோமோயே. "அதுவாவது ஞாபகம் இருக்கா?"

அன்றிரவே கருவாடு மறுபடி கயிற்றிலிருந்து இறங்கியது.

புதன் விடியலில் கரை முழுக்க ஆட்கள். தொழுகை முடிந்து நேராக வந்துவிட்டார்கள். சோமோயே கடைத்தெரு திறக்கும்வரை காத்திருக்கவில்லை என்பது எல்லோர் முகத்திலும் தெரிந்தது. ஷெகுவே மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். மாமா அவரைக் கடக்கும்போது, "தண்ணி இன்னும் ஒரு சாண் ஏறும். அப்புறம்தான் அவுக்கணும்" என்றார். இருவரும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு சாண் ஏறியது. ஷெகுவே, "சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவரே அவிழ்த்துக் கொடுத்தார். கோம்போவின் பொதிகளையும் ஏற்றிக்கொண்டார்கள், கூலி வாங்காமல்.

மாமி படகில் ஏறினார். மாமா சுக்கானைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். டப்பா எங்கே என்று அவர் கேட்கவில்லை. மாமிதான் கேட்டார், கரை முழுக்கக் கேட்கும்படி.

"நகுதா சீமானோட டப்பா எங்கப்பா?"

யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மாமி அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"மொகோவே வரைக்கும் என்னுது. கழுவித்தான் தருவேன், கவலைப்படாதீங்க."

படகு அலையாத்திக்குள் மறையும்வரை கரையில் சிரிப்பு அடங்கவில்லை. மாமாவின் தோளும் குலுங்கியது போலத் தெரிந்தது. தூரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நாற்பதாம் நாள். மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு தூமா போன் செய்தாள்.

"மிஸ்கி, வாப்பா பஸ்ஸை விட்டு இறங்கினதும் தரையிலயே உக்காந்துட்டார். உம்மா டப்பாவோட பக்கத்துல நிக்கிறாங்க. இவரு கேக்குறார், 'மாமா, கப்பல் மாதிரி இருந்துச்சா'ன்னு."

"மாமா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு நாள் பூரா படுத்தே கிடந்தார். இன்னைக்குக் காலையில குளிச்சு, உம்மா தச்ச புதுத் தொப்பியைப் போட்டுக்கிட்டு, பிள்ளையைக் கையில வாங்கினார். மாமியாரும் கிட்டத்துலயே நின்னாங்க, கையை நீட்டிக்கிட்டு. வாப்பா யாரையும் பாக்கல. வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் பிள்ளை அவர் நெஞ்சுல பாலைக் கக்கிட்டான்."

தூமாவுக்குப் பின்னால் நிறையப் பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே பியாஷா மாமியின் குரல் தனியாகக் கேட்டது. "இதுக்குமேல யாரும் சந்தேகப்பட வேண்டாம். எங்க வீட்டுப் பிள்ளைதான்."