கடைசியாகத் திறந்த பைல்

மகேஸ்வரன் அங்கிள் தன்னுடைய மரண அறிவித்தலைத் திருத்துவதற்காகவே எங்கள் வீட்டுக்கு வந்து போவார். ஆள் நல்ல திடகாத்திரம். பஸ்ஸில் வந்து இறங்கி, வாசலில் சப்பாத்தை ஆறுதலாகக் கழற்றி வைத்துவிட்டு, "பிள்ளை நிக்கிறாவோ?" என்று கேட்டபடி பேஸ்மென்றுக்கு இறங்குவார்.

பிள்ளை என்பது என் மனைவி நிரூபா. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில், எங்கள் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றில்தான் அவளுடைய தொழில். கலியாணக் காட், பெண்பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்திய வீட்டு அழைப்பிதழ், மரண அறிவித்தல், செத்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் அங்கே தயாராகும். ரொறன்ரோவில் சாவும் கலியாணமும் ஓய்வதில்லை, அவளுக்கும் ஓய்வில்லை.

தன் அறிவித்தலைத் தானே எழுத வேண்டுமென்று அங்கிளுக்கு வந்த யோசனையை விசர் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய மனைவி பேபி அன்ரி காலமானபோது வேறு யாரோ அவசரத்தில் எழுதிய அறிவித்தலில் அன்ரியின் மூத்த தமையனுடைய பெயர் விடுபட்டுப் போனது. தமையன் குடும்பம் செத்தவீட்டுக்கு வந்து ஒரு மூலையில் நின்றுவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் போனது. இன்றுவரை பேச்சு இல்லை. "என்ரையை நான் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் போவன்" என்று அன்றைக்கே அங்கிள் முடிவெடுத்துவிட்டார். காலமான திகதி மட்டும் வெறுமையாக இருக்கும். மற்றதெல்லாம் தயார்.

சிக்கல் என்னவென்றால், அவர் பழையதை அழிக்க விடமாட்டார். "கிடக்கட்டும் பிள்ளை, மனம் மாறினால் தேவைப்படும்" என்பார். ஆகவே ஒவ்வொரு வருகைக்கும் ஒரு புதுப் பைல். மகேஸ் அங்கிள், மகேஸ் அங்கிள் புதிது, மகேஸ் அங்கிள் கடைசி, கடைசியிலும் கடைசி என்று நிரூபா பெயர் வைத்துக்கொண்டே போனாள்.

மனம் மாறியது அவருடைய மகன் பிரியந்தன் விஷயத்தில். பிரியந்தனும் மனைவி அட்சயாவும் பிரிந்துபோனார்கள். அங்கிள் மருமகள் பக்கம் நின்றார். ஒருநாள் வந்து, மகனுடைய பெயரை எடுக்கச் சொன்னார். மருமகள் இருக்கட்டுமாம்.

"அங்கிள், மகன் இல்லாமல் மருமகள் எப்பிடி வந்தவ எண்டு சனம் கேக்குமெல்லோ?" என்றாள் நிரூபா.

"கேக்கட்டும். நான் செத்த பிறகுதானே கேப்பினம்."

அதற்குப் பிறகு ஒருமுறை ஊர்ப் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்த வந்தார். நிரூபா அவசரத்தில் பழைய பைலைத் திறந்து, திருத்தி, அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தவருடைய முகம் கறுத்துப் போனது. "உவனை ஆர் உள்ளுக்கை விட்டது?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் நிரூபாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் போனதும் கோபம் முழுவதும் மேல்மாடிக்கு, என்னிடம் வந்தது. நான் கொம்பியூட்டர் புரோகிராம் எழுதுகிறவன், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. எனது எழுத்துத் திருத்தியை, அதுதான் நாங்கள் எடிற்றர் என்கிறோமே, அதை அவளுக்கும் போட்டுக் கொடுத்தது நான்தான். தமிழ் எழுத்து உடையாது, பாரமில்லை என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் எந்தப் பைல் தொலைந்தாலும் குற்றவாளி நான்.

"உங்கடை சனியன் பிடிச்ச எடிற்றர், நான் கடைசியாய் எதைத் திறந்தனான் எண்டு காட்டாதோ?" என்று கேட்டாள்.

காட்டாது. நான் காட்ட வைக்கிறேன் என்று சொல்லி ஒரு சின்ன பிளக்கின் எழுதத் தொடங்கினேன். எடிற்றரோடு ஒட்டிக்கொண்டு அது செய்யாத ஒரு வேலையைச் செய்கிற துண்டு நிரல், அவ்வளவுதான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தனிப் பட்டியல்; ஒரு பைலைத் திறந்தால் அதன் பெயரை அந்தப் பட்டியலின் உச்சியில் போடவேண்டும். ஏற்கெனவே கீழே இருந்தால் அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். அழித்த பைலின் பெயர் பேய் மாதிரி நிற்கக்கூடாது. ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்தேன். தமிழில் பெயர் வைத்த பைல்களிடம் அது சண்டை பிடித்ததில் இரண்டு கிழமை, பதினாலு நாள், போய்விட்டது.

கணவன் மனைவி சண்டையும் ஒன்று வந்தது. திறந்து பார்த்தாலே பாவித்ததாகக் கணக்கா, அல்லது மாற்றிச் சேமித்தால்தானா? நான் சேமித்தது மட்டும் என்றேன். சும்மா எட்டிப் பார்த்ததெல்லாம் உச்சிக்கு வந்தால் பட்டியல் குப்பையாகிவிடும்.

"வாசிச்சால் பாவிச்சதில்லையோ? நீங்கள் புத்தகத்தைத் திருத்தித் திருத்தியோ வாசிக்கிறனீங்கள்?" என்று நிரூபா கேட்டாள்.

இதற்கு மேல் வாதாடினால் சோறு கிடைக்காது. திறந்தாலே போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த முறை வந்த அங்கிளுக்கு அந்தப் பட்டியல் நன்றாகப் பிடித்துவிட்டது. மகள் நிலாணிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, பேத்தியின் பெயரைச் சேர்க்க வந்திருந்தார். சேர்த்து முடிய அந்தப் புதுப் பைல் அவருடைய பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. "அப்ப நான் கண்ணை மூடினால் தேடத் தேவையில்லை. மேலை நிக்கிறதை எடுத்துப் போட்டால் சரி" என்றார். வீட்டுக்குப் போய் நிலாணியிடமும் அப்படியே சொல்லி வைத்தார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். நிரூபா அச்சகத்துக்குப் போயிருந்தாள். நான் மேலே ஒரு மீற்றிங்கில் இருந்தேன். இடையில் விட்டுவிட்டு எரிச்சலோடுதான் இறங்கி வந்து கதவைத் திறந்தேன்.

"தம்பி, ஆகப் பழசு ஒண்டு இருக்கும். பேபி செத்த கையோடை எழுதினது. அதை ஒருக்கால் திறந்து விடும்."

தேடி எடுத்துத் திறந்தேன். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். உதடு அசைய முழுவதையும் வாசித்தார். "பிரியந்தன், நிலாணி ஆகியோரின் பாசமிகு தந்தையும்" என்ற வரியில் கொஞ்சம் நின்றார் என்று நினைக்கிறேன். நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. என் மனம் மீற்றிங்கில் இருந்தது.

"என்ன மாத்த வேணும் அங்கிள்?"

"ஒண்டும் மாத்த வேண்டாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப இதுதானே மேலை நிக்குது?"

பட்டியலைப் பார்த்தேன். "ஓம் அங்கிள்."

"நிக்கட்டும்."

தேத்தண்ணியும் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போவதற்கா இந்த மனுசன் என்னை மீற்றிங்கிலிருந்து எழுப்பினார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொன்னது சரிதானே, எட்டிப் பார்த்ததெல்லாம் உச்சியில் வந்து நிற்கிறது. அன்று வேலை முடிந்ததும் நிரலைத் திறந்து, கடைசியாகச் சேமித்ததுதான் மேலே வரவேண்டும் என்று என் விருப்பப்படி மாற்றினேன். பட்டியல் தன்னைத் தானே அடுக்கிக்கொண்டது. அங்கிளின் பழைய பைல் கீழே போனது, பேத்தி இருக்கிற, மகன் இல்லாத பைல் மேலே வந்தது. வென்றுவிட்ட சந்தோசத்தில் நிரூபாவிடம் இதைச் சொல்லவும் மறந்துபோனேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அங்கிள் போய்விட்டார். நித்திரையில் இதயம் நின்றுவிட்டதாம். ஞாயிறு காலையில் நிலாணி அழைத்துச் சொன்னாள். நிரூபா நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுக் கீழே போய், எடிற்றரைத் திறந்து, அங்கிளின் பட்டியலில் மேலே நின்றதை எடுத்து, இவ்வளவு காலமும் வெறுமையாகக் கிடந்த இடத்தில் திகதியைப் போட்டு நிலாணிக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் நிலாணி திரும்ப அழைத்தாள். நிரூபா கை விசைப்பலகையில் இருந்தபடியால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். நான் தேத்தண்ணியோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இதிலை அண்ணான்ரை பேர் இல்லை."

"அங்கிள் அப்பிடித்தானே எழுதச் சொன்னவர், நிலாணி."

"இல்லையக்கா. செவ்வாய்க்கிழமை உங்கடை வீட்டை வந்திட்டு வந்து என்னட்டைச் சொன்னவர், எல்லாம் சரிப்படுத்திப் போட்டன், மேலை நிக்கிறதை எடு எண்டு. அண்ணாவைச் சேத்திட்டார் எண்டுதான் நான் நினைச்சன். கேக்கப் பயமாய் இருந்தது, கேட்டால் திரும்ப எடுத்துப் போடுவார் எண்டு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "சரி, அப்பான்ரை விருப்பம் உதுதான் எண்டால் அப்பிடியே தமிழ் ரேடியோவிலை வாசிக்கக் குடுங்கோ."

செவ்வாய்க்கிழமை அந்த மனுசன் ஏன் வந்தார், ஏன் ஒன்றையும் மாற்றாமல் போனார் என்பது அந்தப் படியில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. மகன் பெயரைத் திரும்பப் போடு என்று வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. பழையதைத் திறந்து மேலே நிற்க வைத்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவருடைய முழுச் சமாதானத்தையும் அந்தப் பட்டியலில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் குப்பை என்று துப்பரவாக்கினேன்.

"நில்லும். அனுப்பாதையும்" என்றேன்.

நடந்ததை இருவருக்கும் சொன்னேன். நிலாணி அழுவது போனில் கேட்டது. நிரூபா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடியவில்லை. ஆனால் அப்போது அவள் பழைய பைலைத் தேடித் திறந்தாள்.

"வாசியுங்கோ அக்கா."

நிரூபா வாசித்தாள். மகன் இருந்தான், மகள் இருந்தாள், மருமகள் அட்சயா இருந்தாள். நிலாணியின் குழந்தை மட்டும் இல்லை. அந்தப் பைல் எழுதிய காலத்தில் அது பிறக்கவே இல்லை.

"அப்ப என்ரை பிள்ளையை வெட்டிப் போட்டாரோ?" என்று நிலாணி அழுகைக்குள் சிரித்தாள்.

நிரூபாவும் சிரித்துவிட்டாள். இரண்டு பைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மகனையும் மற்றதிலிருந்து பேத்தியையும் எடுத்து ஒரே அறிவித்தலாக எழுதினாள். என் பிளக்கினுக்குத் தெரிந்தது எது மேலே, எது கீழே என்பது மட்டும்தான்.

மதியத்துக்குப் பிறகு, நிலாணி சொல்லி, பிரியந்தன் பக்கத்து நகரமான பிக்கரிங்கிலிருந்து காரோட்டிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. இரண்டு வருசத்துக்கு முன் தாயின் செத்தவீட்டில் பார்த்த ஆளா என்று நினைக்கும்படி மெலிந்திருந்தான். கீழே வந்து அறிவித்தலைக் காட்டச் சொன்னான். வாசித்தான். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தான்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. தங்கச்சிதானே என்ரை பேரைப் போடச் சொன்னது? அவ பாவம் பாத்துப் போட்டதெண்டால் எடுத்து விடுங்கோ. அவருக்கு விருப்பமில்லாத இடத்திலை எனக்கு நிக்க வேண்டாம்."

"இல்லை. அப்பாதான்" என்றேன். "செவ்வாய்க்கிழமை வந்தவர். உம்முடைய பேர் இருக்கிற பைலைத் தானாய்க் கேட்டுத் திறப்பிச்சு வாசிச்சவர். அதுதானே மேலை நிக்குது எண்டு கேட்டவர். ஓம் எண்டன். நிக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

அவன் திரையில் தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப என்னிலை கோவமில்லாமத்தான் போனவர்?"

பட்டியலில் இருப்பது எந்தப் பைல், எப்போது திறந்தது என்ற இரண்டு விஷயம்தான். திறந்தவருடைய மனதில் என்ன இருந்தது என்று அதில் இல்லை. அன்றைக்கு நானாவது அந்த முகத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. என்றாலும் இதற்குப் பதில் சொல்ல மட்டும் நான் யோசிக்கவில்லை.

"ஓம்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கதிரையை இழுத்து இருந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான்.

"செவ்வாய்க்கிழமை நான் வீட்டிலைதான் நிண்டனான் அண்ணை. நாள் முழுக்க" என்றான். "இஞ்சை வர பஸ் எடுத்தவர், எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே."

நிரூபா கண் துடைக்கிற ரிசுக் கடதாசிப் பெட்டியை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவனை அங்கே விட்டுவிட்டு மேலே போனோம்.