முந்திப் போய்ச் சேரும் வேண்டுதல்

வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் போகும் கூட்டம் காலை ஐந்து மணிக்கே சிங்காநல்லூர் மாதா கோயில் வாசலில் கூடிவிட்டது. கொடி தூக்கி முன்னால் நடக்கப்போகும் சூசைமுத்து தலைகளை எண்ணினார். பதினாலு வந்தது. பேர் கொடுத்தவர்கள் பதிமூன்று பேர்தான். கூடுதலாக நின்ற தலை யாருடையது என்று திரும்பிப் பார்த்த பிலோமினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காவிச் சேலை, இடுப்பில் துணி மூட்டை, நெற்றியில் ஒற்றை நாமம், வாய் நிறையச் சிரிப்பு. பீளமேட்டு வெங்கடம்மாள்.

"நானும் வாரேனுங்க" என்றாள் வெங்கடம்மாள். "மாதாகிட்டப் போறதுக்குச் சீட்டு ஏதாச்சும் வாங்கோணுங்களா?"

"காலு இருந்தாப் போதுமுங்க" என்று சிரித்தார் சூசைமுத்து. நாமம் போட்டவர்களும் குல்லாய் வைத்தவர்களும் வேளாங்கண்ணிக்கு நடப்பது அவருக்குப் புதிதில்லை. பிலோமினாவுக்கோ வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? பிலோமினாவுக்கு ஒரே மகன், தார்சீஸ். புருஷன் போன பிறகு பதினெட்டு வருஷம் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று அவள் அவனை ஆளாக்கினாள். அவன் அதே மில்லில் ஃபிட்டர் ஆனான். ஆனவன் சும்மா இருந்தானா? நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை செய்யும் ராமாமணியைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றான். ராமாமணி நாயுடு வீட்டுப் பெண். வீட்டில் பேசுவது தெலுங்கு, கும்பிடுவது பெருமாளை. அவளைப் பெற்ற மகராசிதான் இந்த வெங்கடம்மாள். "எங்களுக்குச் சம்மதந்தானுங்க" என்று வெற்றிலை பாக்கோடு வந்தவளிடம் பிலோமினா ஒரே வார்த்தையில் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அத்தோடு போகவில்லை விஷயம். "நீ சரின்னு சொல்லாம நான் கட்டமாட்டேம்மா. ஆனா வேற யாரையும் கட்டமாட்டேன்" என்று தார்சீஸ் சொல்லிவிட்டுப் பேசாமல் ஷிப்டுக்குப் போய்விட்டான். அவன் சண்டை பிடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே வேண்டுதல். அவன் மனசை மாற்று தாயே, உன் கோயிலுக்கு நடந்தே வருகிறேன். அது ஐம்பத்தெட்டாம் வருஷம். ஆவணியில் கிளம்பினால் பதிமூன்றாம் நாள் திருவிழாவுக்கு முந்தின தினம் போய்ச் சேரலாம்.

இப்போது எதிராளியும் கிளம்பிவிட்டாள். அவள் எதைக் கேட்கப் போகிறாள் என்று பிலோமினாவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சந்நிதியில் இரண்டு வேண்டுதல். ஒன்று கட்டி வை, இன்னொன்று கட்டி வைக்காதே. மாதா யார் பேச்சைக் கேட்பாள்? பதினெட்டு வருஷம் மில்லில் இருந்தவளுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. ஒரே நாளில் நாலு பேர் லீவு கேட்டால் மேஸ்திரி முதலில் சீட்டை நீட்டியவளுக்குத்தான் கொடுப்பார். பின்னால் வந்தவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுதாலும் கிடைக்காது. உலகம் முழுக்க இதுதான் நடைமுறை என்றால் பரலோகத்தில் மட்டும் வேறு மாதிரி இருக்குமா என்ன? முந்திப் போய்ச் சேருகிற வேண்டுதல்தான் ஜெயிக்கும். பிலோமினா சேலையைத் தூக்கிச் செருகினாள்.

முதல் நாள் பல்லடம் போய்ச் சேருவதற்குள் அவள் நடந்த வேகத்தைப் பார்த்துச் சூசைமுத்துவுக்கே மூச்சு வாங்கியது. "ஏனுங்க அக்கா, கொடி பின்னால வருது, நீங்க முன்னால போறீங்க. ரயிலு கியிலு புடிக்கோணுங்களா?" பிலோமினா திரும்பிப் பார்த்தாள். நாலு முழம் தள்ளி வெங்கடம்மாள் கையை வீசிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். தோட்டத்து வரப்பில் நடந்து பழகிய கால். அதற்குத் தார் ரோடு ஒரு பொருட்டா?

அது போதாதென்று வெங்கடம்மாளின் வாய் வேறு. கூட்டம் "மரியே வாழ்க" என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் அவள் பழக்கத்தில் "கோவிந்தா" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க சாமி" என்று ஆகாசத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எந்தச் சாமியிடம் சொன்னாள் என்று அவளுக்கே வெளிச்சம். காங்கேயம் போய்ச் சேருவதற்குள் கூட்டத்தில் இரண்டு பேர் வாய் தவறிக் கோவிந்தா போட ஆரம்பித்துவிட்டார்கள். பிலோமினா செபமாலையை இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை அவள் ஒரு காரியம் செய்தாள். நல்ல காரியம் இல்லை. காங்கேயத்தில் ரோடு பிரிகிற இடத்துக்கு அவளும் வெங்கடம்மாளும் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மற்றவர்கள் இன்னும் டீக்கடையில் இருந்தார்கள். "வெள்ளக்கோயிலுக்கு எந்த ரோடுங்க?" என்று வெங்கடம்மாள் கேட்டாள். பிலோமினா கொஞ்சமும் கூசாமல் தாராபுரம் ரோட்டைக் கையால் காட்டினாள். "நீங்க போய்ட்டே இருங்க, நான் மத்தவங்களோட வாரேன்." வெங்கடம்மாள் தலையை ஆட்டிவிட்டு அந்த ரோட்டில் போனாள். அவள் வளைவில் மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு, பிலோமினா கிழக்கே திரும்பி ஓட்டமும் நடையுமாகப் போனாள். வெங்கடம்மாள் எங்கே என்று சூசைமுத்து கேட்டபோது, ஒறம்பரைச் சொந்தம் யாரையோ பார்க்கப் போவதாகச் சொன்னாள் என்று இன்னொரு பொய்யும் சொன்னாள். மாதா கோயிலுக்குப் போகிற வழியில் இரண்டு பொய்.

அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாத ரோட்டில் தனியாக ஒரு பொம்பளை. வண்டி மாடு முட்டியிருந்தால்? வெயிலில் விழுந்துகிடந்தால்? வெள்ளக்கோயில் சத்திரத்து வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்வதற்கு முன் வெங்கடம்மாள் வந்து சேர்ந்தாள். மடி நிறைய வேகவைத்த நிலக்கடலை. "அந்தப் பக்கம் நல்ல வெளச்சலுங்க. உங்களுக்குந்தான் கொண்டாந்தேன்" என்று முதல் கை பிலோமினாவிடம் நீட்டினாள். ரோடு மாறியதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. பிலோமினா கடலையை வாங்கித் தின்றாள். தின்னத் தின்னக் கோபம் வந்தது. தன்மேலா அவள்மேலா என்றுதான் தெரியவில்லை.

கரூர் தாண்டியதும் பிலோமினாவின் வலது குதிகாலில் கொப்புளம் கிளம்பியது. வேகம் சும்மா விடுமா? அதை அவள் மறைத்துக்கொண்டு நடந்தாள். மாயனூர்ப் பக்கம் வரும்போது கால் வீங்கிப் பாதம் தரையில் பாவவில்லை. சூசைமுத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு மேல ஆவாதுங்கக்கா. பஸ் ஏத்தி உடறேன், ஊருக்குப் போயிருங்க. அடுத்த வருஷம் வரலாம்."

நடைக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டியில் கால் வைத்தால் வேண்டுதல் முறிந்தது. மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். பிலோமினா ரோட்டோரத்துப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதாள்.

"நீங்க எல்லாரும் போங்க" என்றாள் வெங்கடம்மாள். "இவங்களை நான் கூட்டியாரேன். மெல்ல வந்தாலும் சாயங்காலம் குளித்தலையில உங்களைப் புடிச்சுருவம்."

கூட்டம் போனது. வெங்கடம்மாள் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து அந்தக் காலைக் கழுவினாள். மூட்டையிலிருந்து மஞ்சளை எடுத்துக் கல்லில் இழைத்து, வேப்பங்கொழுந்தைக் கசக்கிச் சேர்த்துப் பற்றுப் போட்டாள். தன் மாற்றுச் சேலையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள். பிலோமினா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை, பிடி உடும்புப் பிடி.

"நான் அங்க போய் என்ன கேக்கப்போறேன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றாள் பிலோமினா.

"தெரியாம என்னங்க. என்ற புள்ள உங்க ஊட்டுக்கு வந்துரக் கூடாதுன்னு கேப்பீங்க."

"தெரிஞ்சும் எதுக்கு இதெல்லாம் பண்றீங்க?"

வெங்கடம்மாள் முடிச்சை இறுக்கினாள். "நான் மட்டும் போய் நின்னா மாதா ஒரு பக்கத்துப் பேச்சைத்தானுங்களே கேப்பாங்க. அது நாயமுங்களா? நீங்களும் வந்து சொல்லோணுமுங்க."

பிலோமினா மூக்கைச் சிந்தினாள். பிறகு சொன்னாள், "காங்கேயத்துல நான் வேணும்னே ரோட்டை மாத்திக் காட்டிப்போட்டேனுங்க."

"தெரியுங்க."

"தெரியுங்களா?"

"உங்களைப் பேச வெக்கத்தானுங்க ரோடு கேட்டேன், வழி தெரியாம இல்ல. தாராபுரம் ரோட்டுல ரெண்டாவது மைல்ல என்ற தம்பி ஊடு இருக்குதுங்க. நீங்க காட்டுனதும் சரி, பாத்துட்டு ஒருவாய் சாப்புட்டே போலாம்னு போனேன். தம்பி பொண்டாட்டி கறிக் கொழம்பு வெச்சிருந்தா." வெங்கடம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அன்னைக்கு மத்தியானம் நீங்க சாப்புடவே இல்லையாமா. சூசைமுத்து சொன்னாருங்க."

தான் பட்டினி கிடந்து கவலைப்பட்ட நேரத்தில் இவள் கறிக்குழம்பு தின்றுகொண்டிருந்தாள். பிலோமினாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு சிரிப்பும் வந்தது, அடக்கப் பார்த்தாள், வயிறு குலுங்கிப் புரையேறிவிட்டது. வெங்கடம்மாள் அவள் தலையில் தட்டினாள்.

அதற்குப் பிறகு மாயனூரிலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து தஞ்சாவூர் என்று பிலோமினா ஒரு கையை வெங்கடம்மாளின் தோளில் போட்டுக்கொண்டே நடந்தாள். தோளில் கையைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நடக்க முடியுமா? பேசினாள். புருஷன் செத்த கதை, மில் கதை, தார்சீஸுக்கு அம்மை போட்ட கதை. திருவாரூர் தாண்டி ஒரு வயல்வெளியில், யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள். "வேற சாமி, வேற சாதின்னு ஊருக்குச் சொல்றேனுங்க. நெசம் அது இல்ல. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன். நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேசுவாங்க, நான் மூலையில உக்காந்து பாத்துட்டு இருக்கோணும். அதுதானுங்க பயம்." வெங்கடம்மாள் ம் கொட்டிக்கொண்டு, தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொடுத்தாள்.

பதிமூன்றாம் நாள் வேளாங்கண்ணி. கடற்கரை மணலிலிருந்து கோயில் வரைக்கும் முழங்காலால் நடந்து போவதாகப் பிலோமினா நேர்ந்திருந்தாள். திருவிழாக் கூட்டம் நெரித்தது. அவள் மணலில் முழங்காலிட்டதும் பக்கத்தில் வெங்கடம்மாளும் முழங்காலிட்டாள். இரண்டு பேரும் தவழ்கிற பிள்ளைகளைப்போல நகர்ந்தார்கள். வாசலில் முண்டியடித்த ஆட்களை வெங்கடம்மாள் முழங்கையால் தள்ளி, "சித்த வழி உடுங்க, காலு முடியாதவங்க" என்று பிலோமினாவை முன்னால் விட்டாள். பிலோமினாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள்.

நேர் எதிரே மாதா. பதிமூன்று நாள் மனப்பாடம் செய்த வேண்டுதல். வாயைத் திறந்தாள். பக்கத்தில் வெங்கடம்மாளின் சேலை முழங்காலில் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. அதைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டாள். இந்தப் பொம்பளையின் பெண் என் வீட்டுக்கு வரக் கூடாது என்று எந்த வாயால் கேட்பது?

நகர்ந்து இடம் விட்டாள். "நீங்க மொதல்ல கேளுங்க."

"எனக்கு இங்க ஒண்ணும் கேக்கறதுக்கு இல்லீங்களே" என்றாள் வெங்கடம்மாள்.

பிலோமினா விழித்தாள். "பின்ன எதுக்கு இத்தனை தூரம் நடந்தீங்க?"

"மாதா சரின்னு சொல்லி என்னங்க ஆவப்போகுது? உங்க ஊட்டுல என்ற புள்ளைக்கு எடம் குடுக்க வேண்டியவங்க நீங்கதானுங்களே. உங்ககிட்டக் கேக்கத்தான் வந்தேன். ஊருல கேட்டா ஒரு வார்த்தையில முடிச்சுப்போடுவீங்க. பதிமூணு நாளு பக்கத்துலயே நடந்தா நீங்களும் என்னதான் பண்ணுவீங்க?" சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது. சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டுட்டேனுங்க. இனி உங்க இஷ்டம்."

பின்னால் கூட்டம் தள்ளியது. கோயில் ஆள் ஒருவர் நகருங்கம்மா, நகருங்கம்மா என்று கையைத் தட்டினார். பிலோமினா நகரவில்லை. வெங்கடம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மாதாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"எடம் குடுத்துப்போட்டேனுங்க" என்றாள்.